பத்தாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர: புதிய தன்னார்வலருக்கு ஒரு வழிகாட்டி

காலாண்டுத் தேர்வில் கணக்கு 11, அறிவியல் 19, ஆங்கிலம் 14. இப்படி ஒரு மதிப்பெண் பட்டியலோடு ஒரு பிள்ளையை உங்கள் முன்னால் உட்காரவைத்து, "மார்ச்சில் பப்ளிக் எக்ஸாம், எப்படியாவது பாஸ் பண்ண வெச்சிடுங்க" என்பார்கள். மாலை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர் பெரும்பாலும் அன்றைக்கே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, முதல் பாடத்திலிருந்து நடத்த ஆரம்பித்துவிடுவார். பிள்ளையும் தலையாட்டிக்கொண்டே கேட்கும். இரண்டு வாரத்தில் இருவருக்கும் சலித்துப்போகும்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஊர் நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ தெருமுனைத் திண்ணையிலோ மாலையில் பாடம் சொல்லித்தர முன்வருகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். கல்லூரி மாணவர், வேலைக்குப் போகிறவர், ஓய்வுபெற்றவர் யாராக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யலாம். வாரத்தில் நான்கு மாலையாவது தவறாமல் வரமுடியும் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பாதியில் காணாமல் போகிற அண்ணன்களையும் அக்காக்களையும் இந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்தாயிற்று.

அடிப்படையான விஷயம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாவதில் தடுமாறும் பிள்ளை பெரும்பாலும் மூன்றாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் எங்கேயோ நின்றுபோன பிள்ளை. எங்கே நின்றது என்று கண்டுபிடித்து அங்கிருந்து கூட்டிவர வேண்டும். அதே நேரத்தில் தேர்வுத் தேதியும் நமக்காகக் காத்திருக்காது. அதனால் வேலையை இரண்டு தடங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: அடிப்படைக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று. இரண்டும் ஒரே மாலையில், முதல் நாளிலிருந்தே பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும்.

எட்டாவது வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை என்பதால்தான் இந்த நிலை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறுத்திவைத்திருந்தால் இவர்களில் பாதிப்பேர் எப்போதோ பள்ளியை விட்டே போயிருப்பார்கள். பின்தங்கியதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் குறை. போதாததற்கு, 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அப்போது மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது படித்தவர்கள்தான் இந்த ஆண்டுகளில் பத்தாவதுக்கு வருகிறார்கள். வகுத்தலும் பின்னமும் படிக்க வேண்டிய வயதில் அவர்களுக்குப் பள்ளியே இல்லை.

முதல் வாரம்: எங்கே நின்றது?

முதல் நாள் பாடம் வேண்டாம். பெயர், வீடு, யார் யார் இருக்கிறார்கள், எந்த வாத்தியாரைப் பிடிக்கும், என்ன விளையாட்டு என்று பேசிக்கொண்டிருங்கள். இரண்டாம் நாள், மற்ற பிள்ளைகளுக்குக் கேட்காத தூரத்தில் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். தனியாக என்றால் கதவு திறந்திருக்கும் இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி. எந்தப் பிள்ளையோடும் பூட்டிய அறையில் தனியே இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிக்க என்ன கொடுப்பது? 2005-இலிருந்து கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துவரும் ஏசர் ஆய்வின் தாள்கள் தமிழிலும் கிடைக்கின்றன. எழுத்து, சொல், ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை என்று நான்கு படிகள். அது கைக்குக் கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். அதன்பின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நான்கு வரி.

காது கொடுத்துக் கேளுங்கள். "ஒளிக்கதிர் ஓர் ஊடகத்திலிருந்து" என்ற இடத்தில் ஒரு பையன் "ஒ... ளி... க... கதி..." என்று எழுத்தெழுத்தாகக் கூட்டுவான். 'ஊடகம்' வருவதற்குள் 'ஒளிக்கதிர்' மறந்துபோயிருக்கும். வரி முடிந்ததும் என்ன படித்தாய் என்று கேட்டால் விழிப்பான். இன்னொரு பிள்ளை கொம்பையும் துணைக்காலையும் மாற்றிப் படிக்கும். கெ, கே, கொ, கோ எல்லாம் அதற்கு ஒன்றாகத் தெரியும். மூன்றாவது வகை ஒன்று உண்டு. சரளமாக வாசிக்கும், ஆனால் வாசித்ததைத் தன் வார்த்தையில் சொல்லத் தெரியாது. இந்த மூவருக்கும் மூன்று விதமான வேலை கொடுக்க வேண்டும்.

நோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளில் பலர் பார்த்து எழுதுவதில் கெட்டிக்காரர்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்புக்குப் பச்சை மை வைத்து, முத்து முத்தாக எழுதியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடமும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் கண்டுபிடித்த வழி அது. வீட்டிலும் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

கணக்குக்கு ஒரு வெள்ளைத்தாளில் ஐந்தே கணக்குகள் கொடுங்கள். விடையைவிட, தப்பு எப்படி வந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

52 − 27. சிலர் 35 என்று எழுதுவார்கள். சின்ன எண்ணிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாதே என்று ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டார்கள். கடன் வாங்குவது புரியவில்லை, அதாவது பத்துகளும் ஒன்றுகளும் புரியவில்லை.

816 ÷ 8. விடை 12 என்று வந்தால், நடுவில் பூச்சியம் வைக்கத் தெரியவில்லை. இடமதிப்புத்தான் இங்கேயும் சிக்கல்.

1/2 + 1/3. இதற்கு 2/5 என்று எழுதாத பிள்ளை கிடைத்தால் சந்தோஷப்படுங்கள்.

−7 + 3. விடை −10 என்று வரும். இந்தப் பிள்ளைக்கு இயற்கணிதம் முழுக்கத் தப்பாகும்.

(−3)². −9 என்று எழுதினால் வரைபடக் கணக்கின் எட்டு மதிப்பெண்ணும் ஆட்டம் காணும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, "வாசிப்பு: பத்தி வரை. கழித்தல்: கடன் வாங்கத் தெரியவில்லை. வாய்பாடு: 6 வரை" என்று எழுதிவையுங்கள். இந்தப் பக்கத்தைப் பிள்ளைக்கும் காட்டலாம். "உனக்கு மூளை இல்லை" என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு, தனக்குத் தெரியாதது இந்த நான்கு விஷயம்தான் என்று தாளில் பார்ப்பது பெரிய ஆறுதல்.

பாடத்துக்கு வெளியே பார்க்க வேண்டியவை

கண்ணைப் பாருங்கள். கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா, புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிக்கிறதா என்று கவனியுங்கள். அரசுப் பள்ளிகளில் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதித்துக் கண்ணாடி இலவசமாகத் தருகிறார்கள். கண்ணாடி வந்தும் கேலிக்குப் பயந்து பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு.

சாப்பாட்டைக் கேளுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்குத்தான். சத்துணவு பத்தாவது வரை உண்டு. ஆனால் காலை எட்டு மணிக்கே சிறப்பு வகுப்புக்கு வரும் பத்தாவது பிள்ளை மதியம் வரை வெறும் டீயோடு உட்கார்ந்திருக்கும். மாலை வகுப்பில் ஒரு கைப்பிடி சுண்டலோ இரண்டு வாழைப்பழமோ கொடுக்க யாரிடமாவது கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். சோர்ந்து சோர்ந்து படுக்கும் பெண் பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை இருக்கலாம். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப்போடாமல் சாப்பிடுகிறதா என்று விசாரியுங்கள்.

வேலைக்குப் போகிறதா என்றும் தெரிய வேண்டும். முகூர்த்த நாட்களில் பையன்கள் கேட்டரிங்குக்குப் பரிமாறப் போய்விட்டு நள்ளிரவு தாண்டித்தான் வீடு திரும்புவார்கள். மறுநாள் அவன் வகுப்பில் தூங்குவதற்கு நீங்கள் நடத்தும் முக்கோணவியல் காரணமல்ல. வீட்டின் கஷ்டம் தெரியாமல் "வேலைக்குப் போகாதே" என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. தேர்வுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்காவது போகாமல் இருக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

இன்னொன்று. வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லும், எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும், பல மாதம் முயன்றும் வாசிப்பு நகராது என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். நாமே முடிவு கட்டக் கூடாது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். தலைமையாசிரியர் வழியாக அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவச் சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். சான்று வாங்க அலைய வேண்டியிருக்கும், பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பமும் போக வேண்டும் என்பதால் ஜூலை, ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். ஜனவரியில் கண்டுபிடித்தால் அந்த ஆண்டுக்கு உதவாமல் போகக்கூடும்.

ஒரு மாலை எப்படி இருக்க வேண்டும்

ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் நேற்றுப் படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவது. அடுத்த இருபது நிமிடம் வாசிப்பு. அரை மணி நேரம் அடிப்படைக் கணக்கு. மீதி நேரம் தேர்வுத் தடம். டிசம்பர் வரை இப்படி. அரையாண்டு முடிந்து திருப்புதல் தேர்வுகள் ஆரம்பித்ததும் தேர்வுத் தடத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். ஆனால் வாசிப்பை மட்டும் கடைசி நாள் வரை விடாதீர்கள்.

ஒருவருக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அவர்களையும் வகுப்பு பார்த்துப் பிரிக்காமல் நிலை பார்த்துப் பிரியுங்கள். வகுத்தல் தெரியாத ஒன்பதாவதும் பத்தாவதும் ஒன்றாக உட்காரலாம்.

வாசிப்பு

பதினைந்து வயதுப் பையன் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் மறுநாள் வரமாட்டான். அவன் நிலைக்குத் தகுந்த எளிய வரிகள், அவன் வயதுக்குத் தகுந்த விஷயம், இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும். நாளிதழின் விளையாட்டுப் பக்கத் தலைப்புகள், சினிமாச் செய்தி, பேருந்துப் பலகைகள், ரேஷன் கடை அறிவிப்பு எல்லாம் பயன்படும். ஐபிஎல் நடக்கும் காலத்தில் எனக்கு வாசிப்புப் பொருளுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

முறை எளிது. நீங்கள் ஒரு பத்தியை விரல் வைத்து வாசியுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து வாசியுங்கள். அப்புறம் பிள்ளை தனியாக. தப்பு வரும் இடத்தில் உடனே பாயாமல் வரி முடியும் வரை பொறுங்கள். முடிந்ததும், "இந்த வார்த்தையை மட்டும் இன்னொரு தரம் பாரு தம்பி" என்றால் போதும். அதே பத்தி மறுநாளும் வரட்டும். ஒரே பத்தியை நான்கு நாள் வாசித்து நான்காம் நாள் தடங்கலில்லாமல் முடிக்கும்போது அந்த முகத்தில் வரும் மாற்றத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

எழுத்து தடுமாறுகிறவர்களுக்குத் தனியாகப் பத்து நிமிடம்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு குறி. இன்று ஒற்றைக்கொம்பு என்றால் கெ, செ, தெ, பெ, அவற்றில் வரும் சொற்கள். நாளை இரட்டைக்கொம்பு. சொல்வதெழுதல் தினமும் ஐந்து சொல். ர-ற, ல-ள-ழ குழப்பத்தை இப்போதைக்குக் கண்டுகொள்ளாதீர்கள். ஓசை சரியாக வந்தாலே பெரிய விஷயம்; எழுத்துப்பிழையை ஜனவரிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

சரளமாக வாசித்தும் புரியாத பிள்ளைக்கு வேறு வேலை. ஒரு பத்தியை வாசித்ததும், அதிலிருந்து உங்களைக் கேட்க ஒரு கேள்வி தயாரிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்க வேண்டுமென்றால் புரிந்துகொண்டே ஆக வேண்டும்.

வாசிப்பு தேறத் தேற அறிவியலும் சமூக அறிவியலும் நீங்கள் நடத்தாமலே கொஞ்சம் ஏறும். கணக்கில்கூட, கேள்வியையே படிக்க முடியாமல் விட்டுவிட்ட கணக்குகள் எத்தனையோ இருக்கும்.

அடிப்படைக் கணக்கு

நான்கு செயல்கள், வாய்பாடு, பின்னம், குறை எண்கள். இந்த நான்கும் தெரிந்தால் பத்தாம் வகுப்புக் கணக்கின் பெரும்பகுதிக்குள் நுழைந்துவிடலாம். இடமதிப்புக்குத் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவையுங்கள். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு குச்சி. 27-ஐ எடுக்கச் சொல்லுங்கள். குச்சி போதவில்லை என்றதும் பிள்ளையே ஒரு கட்டைப் பிரிக்கும். இதைப் போன வருடம் வரை மனப்பாடமாகச் செய்துகொண்டிருந்த பிள்ளைக்கு, கடன் வாங்குவது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரியவரும்.

குறை எண்களுக்குக் கடன் கணக்கு நன்றாக வேலை செய்கிறது. மளிகைக் கடையில் ஏழு ரூபாய் பாக்கி, மூன்று ரூபாய் கொடுத்துவிட்டாய், இப்போது நிலை என்ன? −4 என்று வாயில் வந்துவிடும். பின்னத்துக்குத் தாளை மடிக்கச் சொல்லுங்கள். வாய்பாட்டை ஒப்பிக்கச் சொல்வதோடு நிற்காமல், தாறுமாறாக "ஏழெட்டு?", "ஆறொன்பது?" என்று கேளுங்கள். இருபது வாய்பாடு வேண்டாம், ஒன்பது வரை உறுதியாக இருந்தால் போதும்.

தேர்வுத் தடம்

ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 100-க்கு 35. இதுதான் வரம்பு. ஒன்றில் 90 வாங்கி இன்னொன்றில் 30 வாங்கினால் தேர்ச்சி இல்லை. எனவே பலவீனமான பாடத்துக்குத்தான் அதிக நேரம். கேள்வித்தாள் அமைப்பு மாறக்கூடும் என்பதால், ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளி ஆசிரியரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இங்கேதான். இப்போதுள்ள அமைப்பில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே, 14-இல் 10. கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம். இரண்டிலும் 'அல்லது' உண்டு.

அந்த 16 மதிப்பெண்ணில் ஆரம்பியுங்கள். வடிவியல் வரைதலில் ஒத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு என்று சில வகைகள்தான். வரைவதற்கு நிறையக் கணக்கறிவு தேவையில்லை, ஒழுங்கு தேவை. ஒத்த முக்கோணத்தையே எடுத்துக்கொள்வோம். 7/4 என்று கொடுத்தால், அடிப்பக்கத்தின் இடது முனையிலிருந்து கீழ்நோக்கி ஒரு சாய்கோடு. அதில் சம தூரத்தில் ஏழு புள்ளிகள், அதாவது இரண்டில் பெரிய எண் எதுவோ அத்தனை. பகுதி எண்ணான நான்காவது புள்ளியை அடிப்பக்கத்தின் வலது முனையோடு சேர்க்க வேண்டும். தொகுதி எண்ணான ஏழாவது புள்ளி வழியாக அதற்கு இணைகோடு போட்டால், நீட்டிய அடிப்பக்கத்தை அது வெட்டும். அந்த இடத்திலிருந்து முக்கோணத்தின் வலது பக்கத்துக்கு இன்னொரு இணைகோடு போட வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது ஒரே இடத்தில்: ஏழை முனையோடு சேர்த்துவிடுவார்கள். "கீழ் எண் முனைக்கு, மேல் எண் இணைகோட்டுக்கு" என்று சொல்லிச் சொல்லி வரையவிடுங்கள். முதலில் உதவிப்படம் போடவும் பென்சிலைக் கூராக்கவும் பழக்குங்கள். காம்பஸ் திருகு ஆடினால் படம் கோணும். ஒரு நல்ல ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக்கொடுப்பது உங்களால் முடிந்த மிக உருப்படியான செலவு.

வரைபடத்தில் அட்டவணைதான் உயிர். எக்ஸ் வர்க்கம் கூட்டல் எக்ஸ் கழித்தல் 2 என்ற கோவைக்கு, எக்ஸின் மதிப்பு −3 என்றால் 9 − 3 − 2 = 4 வரவேண்டும். வர்க்கத்தை −9 என்று எழுதும் பிள்ளைக்கு −14 வரும்; மேலே போக வேண்டிய வளைவு கீழே பாயும். முதல் வாரம் நீங்கள் கொடுத்த அந்த ஐந்தாவது கணக்கு இதற்காகத்தான். வளைவு ஒழுங்காக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறுகிறதா என்று பார்த்தே தன் தப்பைக் கண்டுபிடிக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். அளவுத்திட்டம் எழுத மறந்தால் அதற்கும் மதிப்பெண் போகும்.

அப்புறம் ஒரு மதிப்பெண். புத்தகத்தில் பாடத்தின் பின்னால் இருக்கும் பலவுள் தெரிக வினாக்களைத் தினம் ஐந்து. வரைதலும் வரைபடமும் முழுதாக வந்தால் 16, ஒரு மதிப்பெண்ணில் ஒன்பது சரியாக வந்தால் 25. ஐந்து இரண்டு மதிப்பெண் கேள்விகள் சேர்ந்தால் 35. இந்தக் கூட்டலைப் பிள்ளையின் கண் முன்னால் தாளில் போட்டுக் காட்டுங்கள். 11 வாங்கிய பிள்ளைக்கு 35 என்பது எட்டாத உயரமாக இருந்தது; இப்போது எங்கே எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிகிறது. அதன்பின் ஐந்து மதிப்பெண்ணுக்கு: கார்ட்டீசியன் பெருக்கலில் சரிபார்த்தல், சார்பை அம்புக்குறிப் படம், அட்டவணை, வரிசைச் சோடிகளாகக் காட்டுவது, அணிகளின் பெருக்கல், இரண்டு பகடை நிகழ்தகவு, திட்டவிலக்கம், நாற்கரத்தின் பரப்பு. இவையெல்லாம் கூட்டல் கழித்தல் பெருக்கல் ஒழுங்காகத் தெரிந்தால் வரக்கூடியவை.

35-ஐ இலக்காக வைப்பதைச் சிலர் குறை சொல்வார்கள். 35-ஐத் தொட்ட பிள்ளை தானாகவே அடுத்ததைக் கேட்கும் என்பது என் அனுபவம். முதலிலேயே 70 என்றால் பயந்து ஓடும்.

மற்ற பாடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20-உம் செய்முறையில் 15-உம் வேண்டும். செய்முறைத் தேர்வு நாளில் வராமல் போன பிள்ளைக்கு இழப்பு பெரிது. தேதியைக் கேட்டு வீட்டில் காலண்டரில் எழுதவையுங்கள். படம் வரைந்து பாகம் குறிப்பதை வாரம் இரண்டு பழக்குங்கள். சமூக அறிவியலில் இந்திய வரைபடம், தமிழ்நாடு வரைபடம், காலக்கோடு ஆகிய மூன்றும் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கும் கைகொடுக்கும். ஆற்றையும் மலையையும் துறைமுகத்தையும் வெற்று வரைபடத்தில் தினம் மூன்று இடம் குறிக்கட்டும். தமிழில் மனப்பாடப் பாடல், குறள், படிவம் நிரப்புதல், காட்சியைக் கண்டு எழுதுதல். தமிழ்தானே என்று விட்டுவிட்டுக் கடைசியில் தமிழிலேயே தவறுகிற பிள்ளைகள் உண்டு, கவனம். ஆங்கிலத்தில் மனப்பாடப் பாடல், படத்தைப் பார்த்து வாக்கியம் எழுதுவது, வழி சொல்லும் வரைபடக் கேள்வி, விளம்பரம், கடிதம். சின்னச் சின்ன வாக்கியமாக, தானே எழுதப் பழக்குங்கள்.

பத்து தரம் எழுதச் சொல்லாதீர்கள்

ஒரே விடையைப் பத்து முறை இம்போசிஷன் எழுதும் பிள்ளையின் கை ஓடும், மனது வேறெங்கோ இருக்கும். அதற்குப் பதிலாக, ஒரு முறை படி, புத்தகத்தை மூடு, நினைவில் இருப்பதை எழுது, திறந்து பார், விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர். மறுநாள் ஒரு தரம், ஒரு வாரம் கழித்து ஒரு தரம், அடுத்த மாதம் ஒரு தரம். மூடிவைத்து நினைவுகூரும்போதுதான் பதிகிறது என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் பலமுறை உறுதியான விஷயம். முதலில் பிள்ளைக்கு இது பிடிக்காது, ஏனென்றால் தெரியாதது வெளியே தெரிந்துவிடுகிறது. அதனால் இந்தத் தாளுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

ஒவ்வொருவரும் ஒரு பிழை நோட்டு வைத்திருக்கட்டும். தேர்வில் செய்த தப்பு ஒரு பக்கம், ஏன் வந்தது என்று அதன் வார்த்தையிலேயே எதிர்ப்பக்கம். "அவசரம்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "மைனஸை விட்டுட்டேன்" என்று எழுதினால் சரி.

பள்ளியும் வீடும்

வகுப்பாசிரியரை முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். "நாங்கள் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் எந்தப் பாடம் நடத்துகிறீர்கள் என்று சொன்னால் அதையொட்டியே போகிறோம்" என்று பேசினால் பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு உதவுவார்கள். பள்ளியைக் குறை சொல்லிக்கொண்டு போனால் கதவு மூடிக்கொள்ளும், நஷ்டம் பிள்ளைக்கு.

வீட்டுக்குப் போகும்போது நல்ல செய்தியோடு போங்கள். "அம்மா, முத்து நேத்து இந்தப் பக்கத்தை முழுசா வாசிச்சான், கேட்டுப் பாருங்க" என்று சொல்லி அவனை வாசிக்கச் சொல்லுங்கள். இத்தனை வருடமும் பள்ளியிலிருந்து புகார் மட்டுமே கேட்ட தாய்க்கு அது எத்தனை பெரிய விஷயம் என்று அங்கேயே தெரியும். அதற்கு அப்புறம், இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை டிவியை நிறுத்த முடியுமா, தண்ணீர் பிடிக்கும் வேலையைப் பெண் பிள்ளையிடமிருந்து தேர்வு வரைக்கும் அண்ணனுக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம். முதல் சந்திப்பிலேயே கேட்டால் சரி என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள்.

தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுவதே ஒரு பயிற்சி. ஜனவரியிலிருந்து ஞாயிறு தோறும் ஒரு முழுத்தேர்வு வைத்துவிடுங்கள். வினாத்தாள் படிக்கத் தரும் பத்து நிமிடத்தில், தெரிந்த கேள்விகளை மனதில் குறித்துக்கொள்ளப் பழக்குங்கள். வினா எண்ணைச் சரியாகப் போடுவது, தெரிந்ததை முதலில் எழுதுவது, கணக்கு முடியாவிட்டாலும் சூத்திரத்தையும் முதல் இரண்டு வரியையும் எழுதிவிடுவது, ஒரு மதிப்பெண்ணில் ஒன்றைக்கூட வெறுமனே விடாதது. தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிக்கக் கூடாது என்று வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

முடிவு வரும் நாளில் எல்லாப் பிள்ளைகளோடும் அன்றைக்கே பேசுங்கள், முக்கியமாகத் தவறியவர்களோடு. போன் எடுக்காவிட்டால் நேரில் போங்கள். அன்று பாடத்தைப் பற்றிப் பேச வேண்டாம், கூட இருங்கள். மனசு உடைந்திருக்கிறது, பேச்சு வேறு மாதிரி இருக்கிறது என்று பட்டால் வீட்டில் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, 104 அல்லது 14416 எண்ணில் ஆலோசகரோடு பேசவையுங்கள். இரண்டு நாள் கழித்துத் துணைத் தேர்வைப் பற்றிச் சொல்லலாம். சில வாரங்களிலேயே அது நடக்கும், தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும், தேறினால் அதே ஆண்டு பதினொன்றாவது சேரலாம். விண்ணப்பிக்கும் நாட்கள் குறைவு என்பதால் கையோடு பள்ளிக்குக் கூட்டிப்போய் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். தேறியவர்களோடு பதினொன்றாவதில் எந்தப் பிரிவு, ஐடிஐயா, பாலிடெக்னிக்கா என்று உட்கார்ந்து பேசவும் இதே வாரம்தான் நேரம்.

பத்தாவது பிள்ளைகளின் தேர்வு முடிந்துவிட்டது என்று ஏப்ரலில் வகுப்பைப் பூட்டிவிடாதீர்கள். ஒன்பதாவது முடித்த பிள்ளைகளை மே மாதமே கூப்பிட்டு, வாசிப்புத் தாளையும் அந்த ஐந்து கணக்கையும் கொடுத்துப் பாருங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது யாருக்கு எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பது உங்கள் நோட்டில் இருக்கும்.